ஏகநாதன் காவல் காத்த கம்பிக் கூடு

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில், டிரான்ஸ்பார்மர் மேல் வெளிநாட்டுக் கிளி கூடு கட்டியிருக்கிறதாம் என்று ஏகநாதனிடம் சொன்னவர் பேப்பர்காரர். பேப்பர்காரருக்குச் சொன்னது பால் பூத் வரிசையில் நின்ற ஓர் அம்மாள். அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள் என்பது தெரியவில்லை. ஆனால் விவரங்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. சந்தையில் கூண்டை உடைத்துக்கொண்டு தப்பித்த கிளிகளாம். கப்பலில் வந்த ஜாதியாம். மரத்தில் தங்காதாம், கரண்டுச் சூட்டில்தான் முட்டை பொரிக்குமாம். பச்சை வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் கண்ணாலேயே பார்த்தார்களாம்.

"ஒயர் மேல கீற ரப்பரத்தான் துன்னுதாம்ணே. உன் டிரான்ஸ்பார்மரையே காலி பண்ணிடும்," என்றார் பேப்பர்காரர், ஏதோ ஏகநாதன் அதைச் சீதனமாகக் கொண்டுவந்து நட்டு வைத்தவர் மாதிரி.

ஏகநாதன் அந்தப் பகுதியின் லைன்மேன். வயது ஐம்பத்தைந்து. கூடுவாஞ்சேரிப் பக்கம் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் கூலியாளாகச் சேர்ந்து, ஏழு வருடம் கழித்துத்தான் நிரந்தரமாகி, ஏணியும் கையுறையும் கிடைத்து மேலே ஏறியவர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. முடிச்சூரில் வீடு. கரண்டு ஆபீஸுக்கு என்று ஒரு டெலிபோன் இருந்தாலும் அதை யாரும் நம்புவதில்லை. ஏகநாதன் செல்போன் வாங்கிய அதே வாரத்தில் அந்த எண் எப்படியோ அறுபது வீட்டுக் காலண்டர் ஓரங்களில், கேஸ்காரர் எண்ணுக்குக் கீழே, ஏறிவிட்டது. விசிறி சுற்றாவிட்டால் அவருக்குப் போன். வேகமாகச் சுற்றினாலும் அவருக்குத்தான் போன். சாப்பிட உட்காரும்போது போன் அடித்தால், மனைவி கிருபா எடுத்து, "அவரு கம்பத்து மேல கீறாரு" என்று சொல்லி வைத்துவிடுவாள். அப்படியாவது நாலு வாய் உள்ளே போகட்டும் என்று.

அந்த அறுபது பேரில் முதல் இடம் சாம்பமூர்த்திக்கு. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரான்ஸ்பார்மருக்கு நேர் எதிரில், ஆறடி இடைவெளியில், அவருடைய மாடி வீடு. அதனாலேயே டிரான்ஸ்பார்மர் தன் பொறுப்பு என்று நினைத்தார். 2006 மே மாதம் இரண்டாவது வாரத்தில், காலை எட்டு மணிக்குள் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டு, "ஏகநாதன், கிளி விஷயம் கேள்விப்பட்டேளா? தெருவே ஒரே பரவசமா இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கோங்கோ. ஆனா ராத்திரி ரெண்டு தடவை கரண்டு போச்சு, அதையும் பார்த்துடுங்கோ," என்றார்.

ஏகநாதன் போனார். சுவிட்சை இறக்கி, ஏணி போட்டு ஏறினார். கிளியும் இல்லை, வாலும் இல்லை. குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு காக்கைக் கூடு. அதில் குச்சி என்று பார்த்தால் நாலைந்துதான். மீதி முழுவதும் கட்டுக்கம்பி; கட்டிடத்தில் கம்பிகளை முடிச்சுப் போடுவார்களே, அந்த மெல்லிய கம்பி. நடுநடுவே பச்சை ரப்பர் உறை போட்ட ஒயர்த் துண்டுகள். ஒரு பச்சைத் துண்டு மட்டும் வெளியே வால் போல நீட்டிக்கொண்டு நின்றது. கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள். இறகு முளைக்காத உடம்பு. இவர் கை பட்டுச் சட்டம் அதிர்ந்ததும் அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்து, மூன்றும் செக்கச் செவேலென்று வாயைப் பிளந்தன.

கம்பியெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து மனையில் ஹிதாயத்துல்லா மூன்று மாடி பிளாட் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டு வைக்கோல் போர் மாதிரிக் கிடந்தது. இந்த இடத்துக்குக் காக்கை ஏன் வந்தது என்பதற்கும் விசாரணை தேவையில்லை. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, சாம்பமூர்த்தி வீட்டு மதில்மேல், தினமும் காலை பத்தரைக்கு அவர் மனைவி பாலாம்பாள் நெய்யும் பருப்பும் போட்டுப் பிசைந்த சாதம் வைத்து, "கா கா" என்று கூப்பிடுகிறாள். காக்கை எடுத்த பிறகுதான் அந்த வீட்டில் இலை போடுவார்கள். ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் கட்டுமானச் சாமான், நடுவில் ஆடாத அசையாத இரும்புச் சட்டம். எந்தக் காக்கைதான் விடும்?

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார்.

"காக்காயா?" என்று முகத்தைச் சுளித்தார் ஹிதாயத்துல்லா. "நான் கிளின்னு நெனச்சு தெனம் கொய்யாப்பழம் வெச்சிட்டிருக்கேன். அப்ப தட்டி வுட்ருங்கண்ணே."

சாம்பமூர்த்தி அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கூட்டை எடுத்துடணும், அது சரி. ஆனா காக்காய்க்கு ஒண்ணும் ஆகப்படாது. பித்ருக்கள் சமாச்சாரம். என்ன பண்றேளோ பண்ணுங்கோ, எனக்கு மட்டும் தெரியப்படாது."

"கூட்ட எடுக்கணும், காக்காய்க்கு ஒண்ணும் ஆவக்கூடாது, உங்களுக்கும் தெரியக்கூடாது," என்று ஏகநாதன் ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "வேற எதுனா கீதா சார்?"

"கரண்டும் போகப்படாது," என்றார் சாம்பமூர்த்தி.

வேறு லைன்மேனாக இருந்தால் கொம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருப்பான். போன வருடம் ஏகநாதனும் அப்படித்தான் செய்தார். இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு கம்பத்தில். அதிலும் குஞ்சு இருந்தது கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்று அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்து, சாகிறவரைக்கும் வாயைத் திறந்து திறந்து அவரிடமே சாப்பாடு கேட்டது. அன்றிலிருந்து அந்தத் தெருக் காக்கைகள் ஏகநாதனை விடுவதில்லை. ஆயிரம் பேர் போகிற தெருவில் அவர் தலை தெரிந்தால் போதும், பின்னாலேயே வந்து மண்டையில் கொத்தின. காக்கிச் சட்டையை மாற்றிப் பார்த்தார். மீசையை எடுத்துப் பார்த்தார். கிருபா அடையாளம் தெரியாமல் வாசலில் ஒரு நிமிஷம் விழித்தாள். காக்கைகள் ஒரு விநாடிகூட விழிக்கவில்லை. அந்தத் தெருவில் வேலை வந்தால் இன்றைக்கும் ஏரியைச் சுற்றிக்கொண்டு, மே மாத வெயிலிலும் ஹெல்மெட்டோடுதான் போவார். ஆபீஸில் சிரித்தார்கள். பாவ புண்ணியமெல்லாம் இல்லை, மண்டைக்குப் பயம் என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தத் திறந்த வாயைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் இந்தத் தடவை வேறு மாதிரி யோசித்தார். ஆபீஸுக்குப் போய், இளம் இன்ஜினியர் சம்பத்திடம் பேசினார். குஞ்சு பறக்க மூன்று வாரம் ஆகும், அதுவரை கூடு அங்கேயே இருக்கட்டும், கரண்டு போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றார்.

சம்பத் பேனாவை மூடி வைத்தார். "இன்னொரு தடவ லைன் டிரிப் ஆகி கரண்டு போச்சுன்னா எடுத்துடணும் ஏகநாதன். அன்னிக்கே. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

"ஆவாது சார்."

மறுநாள் விடியற்காலையில் கால் மணி நேரம் கரண்டை நிறுத்தினார். கூட்டுக்குக் கீழே இறங்குகிற ஒயர்களுக்கு, நீளவாக்கில் கிழித்த தடித்த ரப்பர்க் குழாயைச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டினார். கூட்டிலிருந்து தொங்கிய கம்பி நுனிகளைக் கத்தரித்தார். கூட்டையே தேங்காய் நாரால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். பிறகு இரண்டு வீட்டுக்காரர்களையும் தெருவில் நிறுத்தி வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாய், சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கம்பித் துண்ட வாரி சாக்குல கட்டிடுங்க. வெளிய ஒண்ணு கெடக்கக் கூடாது. அதுக்கு பதிலா தென்னந்தொடப்பத்தப் பிரிச்சுக் குச்சியா போடுங்க, அத எடுத்துக்கும். சார், நீங்க சாதத்த இந்த மதில்ல வெக்காதீங்க. பின்பக்கம் மாடில வெய்யுங்க. இங்க வெச்சா ஊர்க் காக்கா பூரா டிரான்ஸ்பார்மர் மேல வந்து குந்தும். இருவது நாளு. அவ்ளோதான் கேக்குறேன்."

"இவ்வளவுதானே," என்றார்கள் இருவரும். அந்தப் பதிலிலேயே ஏகநாதனுக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதற்கப்புறம் தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு தடவை, திரும்புகிற வழியில் ஒரு தடவை அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். நாலாம் நாள் கம்பி அப்படியே கிடந்தது. மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டாராம். ஏகநாதனே குனிந்து பொறுக்கினார். ஏழாம் நாள் சாக்கு இருந்தது, கம்பி சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பாலாம்பாள் முதல் மூன்று நாள் பின்மாடிக்கு ஏறினாள். நாலாம் நாள் முழங்கால் வலி, மதிலிலேயே வைத்தாள். ஏகநாதன் சொன்ன பிறகு மறுபடி ஏறினாள். நடுவில் சாம்பமூர்த்தியின் போன்கள் நிற்கவில்லை. "காக்கா ஒரு மாதிரி கத்தறது, ஷாக் கிக் அடிச்சிருக்குமோ?" "லைட் கொஞ்சம் மங்கலா இருக்கே, கூட்டாலயா?" "குஞ்சுக்குக் கண் திறந்துடுத்து, என் பைனாகுலர்ல பார்த்தேன். உங்களுக்குச் சொல்லணும்னு தோணித்து." இந்தக் கடைசிப் போன் வந்தபோது ஏகநாதன் பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு கம்பத்தின் பாதி உயரத்தில் இருந்தார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தார். "தொறந்துடுச்சா சார்?" என்றுதான் வந்தது.

கரண்டு போகவில்லை. பதினாறு நாள் போகவில்லை. குஞ்சுகளுக்கு இறகு வந்தது. பெரிசு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தது. இன்னும் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து.

பதினேழாம் நாள் வைகாசி அமாவாசை.

நடந்ததை ஏகநாதன் பிறகு இரண்டு தரப்பிலும் கேட்டுக் கோத்துக்கொண்டார். சாம்பமூர்த்தி காலையில் தர்ப்பணம் முடித்து, சொன்ன சொல் தவறாமல் பின்மாடியில்தான் சாதம் வைத்தார். "கா கா" என்று கூப்பிட்டார். மற்ற நாளில் தாமதமாகவாவது ஒன்று வந்து எடுக்கும்; அன்றைக்கு ஒரு காக்கையும் வரவில்லை. மதிலுக்கு வந்து பழகினவை, பின்பக்கத்தை அவை இன்னும் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அவருக்குச் சர்க்கரை உண்டு. காக்கை எடுக்காமல் சாப்பிடவும் முடியாது. "அப்பாவுக்கு என்ன கோபமோ" என்று பாலாம்பாள் வேறு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பன்னிரண்டரைக்கு, அதற்கு மேல் பட்டினி தாங்காது என்று, சாதத்தை அள்ளிக்கொண்டு முன்மதிலுக்கு வந்தார். ஒரு உருண்டை போதாது என்று வடை, பாயசத்தோடு முழு இலையையே விரித்து, தெருவே கேட்கும்படி கூப்பிட்டார்.

இந்தத் தடவை வந்தன. சிட்லபாக்கத்தில் இருக்கிற அத்தனையும் வந்தன. எல்லாம் டிரான்ஸ்பார்மரில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தன. கூட்டுக்குச் சொந்தக்காரக் காக்கைகள் இரண்டும் அவற்றோடு சண்டைக்குப் போயின. அந்த ரகளையில், முந்தின நாள் சாயங்காலம் ஹிதாயத்துல்லாவின் ஆட்கள் வாராமல் விட்ட குவியலிலிருந்து காக்கை கொண்டுவந்து செருகியிருந்த முழ நீளக் கம்பி ஒன்று நழுவி, ரப்பர்ச் சட்டை முடிகிற இடத்தில் குறுக்கே விழுந்தது. வெடிச் சத்தம். புகை. தெரு முழுக்க விசிறிகள் நின்றன.

ஏகநாதன் வந்து சேர்ந்தபோது குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கீழேதான் சண்டை.

"சாதம் வெக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல சார்? நீங்க கல்யாணப் பந்தியே போட்ருக்கீங்க," என்றார் ஹிதாயத்துல்லா.

"உங்க கம்பிதானேங்காணும் வெடிச்சது? என் பாயசமா வெடிச்சது?" என்றார் சாம்பமூர்த்தி.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா கீறீங்களா," என்றார் ஏகநாதன். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "பதினாறு நாளு. நாலு நாள் மீதி. கம்பி பொறுக்குன்னா பொறுக்க முடியல, சோத்த மாத்தி வெய்யின்னா வெக்க முடியல. போன் மட்டும் கரெக்டா பண்ண முடியுது."

அவர் செல்போன் அடித்தது. சம்பத். ஆபீஸுக்கு அதற்குள் நாற்பது பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். "கூட்ட எடுத்துட்டுதான் லைன சார்ஜ் பண்ணணும் ஏகநாதன். சொல்லியிருந்தேன் இல்ல?"

"நாலு நாள் சார்."

"தெருவுல வயசானவங்க இருக்காங்க, இந்த வெயில்ல. மூணரைக்குள்ள கரண்டு வரணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஏகநாதன் சுற்றிலும் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு மரமாவது இருந்தால் போதும். இருந்த வேம்பைப் பிளாட்டுக்காக வெட்டியாயிற்று. பிளாட்டின் மேல்தளத்தில் கான்கிரீட் போட ஆட்கள் நின்றார்கள். தாய் தகப்பன் காக்கைகளின் பார்வையில் படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: சாம்பமூர்த்தி வீட்டு முன்மாடி. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிழல் இருந்தது. கூட்டை அப்படியே எடுத்து அங்கே வைத்தால், ஆறடி தூரம், தாய்க்காக்கை தேடி வந்துவிடும்.

"சார், கம்பத்து மேலேர்ந்து நான் நீட்டுவேன். நீங்க மாடில நின்னு கையில வாங்கித் தொட்டிக்கு அடியில வெய்யணும். நாலு நாள் அந்தப் பக்கம் யாரும் போவாம இருந்தா போதும். உங்க அப்பாவ நீங்களே வூட்ல வெச்சுப் பாத்துக்குற மாதிரி."

சாம்பமூர்த்தி இலையைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். "கொத்துமோ?"

"தலைல துண்டு கட்டிக்கங்க."

"ஆகட்டும். முதல்ல நான் ஒரு வாய் சாப்பிடணும், தலை சுத்தறது. மேலே ஏறினதும் போன் பண்ணுங்கோ, வந்துடறேன்," என்று சொல்லி, உள்ளே போய்க் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஏகநாதன் ஹெல்மெட்டை மாட்டினார். கலவை சுமக்கிற பாண்டுச் சட்டி ஒன்றில் சாக்கை மடித்துப் போட்டுக் கொடுத்தார் ஹிதாயத்துல்லா. ஏணியையும் அவரே பிடித்துக்கொண்டார். ஏகநாதன் முதல் முறை சுவிட்சைச் சரிபார்த்து, இரண்டாம் முறையும் சரிபார்த்து ஏறினார். நாரை அறுத்தார். இரண்டு காக்கைகளும் ஹெல்மெட்டில் மாறி மாறிக் கொத்தின. கூட்டைக் கலையாமல் தூக்கிப் பாண்டுக்குள் இறக்கியபோது மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்தன. பெரிசு விளிம்பில் ஏறி நின்றது. "குதிச்சிடாதடா," என்றார் அதனிடம்.

இடது கையால் பாண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் சாம்பமூர்த்தி எண்ணை அழுத்தினார். வீட்டுக்குள் டெலிபோன் அடிப்பது அங்கேயே கேட்டது. அடித்து நின்றது. மறுபடி அழுத்தப் போகும்போது வேறு போன் வந்தது: ஏழாம் நம்பர் வீடு, கரண்டு எப்போது வரும். வெட்டினார். மூலை வீட்டுத் தையல்கடை. வெட்டினார். மணி மூன்று பதினெட்டு.

"பாய், கொஞ்சம் பெல் அடிங்க."

"கரண்டு இல்லாம பெல் எப்படிண்ணே அடிக்கும்?" ஹிதாயத்துல்லா ஒரு கையால் ஏணியை விடாமல், இன்னொரு கையை எட்டிக் கிரில் பூட்டை ஆட்டினார். "சார். சாம்பமூர்த்தி சார். மாமி." கதவு திறக்கவில்லை. "தூங்குறாரு போல."

ஏகநாதன் அங்கிருந்து பார்த்தார். மாடி ஜன்னல் நேர் எதிரில், இரண்டு பேர் எதிரெதிரே கையை நீட்டினால் தொட்டுக்கொள்கிற தூரம். சாத்திய கதவு, உள்ளே பூப்போட்ட திரை. தெருவில் ஓர் இலைகூட ஆடவில்லை. விசிறி சுற்றாத வீட்டில், காற்றே இல்லாத அந்த மதியத்தில், திரையின் ஓரம் மெல்ல விலகி மறுபடி மூடிக்கொண்டது.

எனக்கு மட்டும் தெரியப்படாது என்று முதல் நாளே சொன்னவர்தான்.

"சார்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் ஏகநாதன், சத்தம் போடாமல். "சாவடிக்க எடுக்கல சார். வாழ வெக்கத்தான் எடுக்குறேன். கதவ மட்டும் தொறங்க."

பெரிய குஞ்சு இறக்கையை விரித்து ஒரு தடவை அடித்தது. பாண்டு கையில் ஆடியது. தாய்க்காக்கை அவர் தோளிலேயே உட்கார்ந்து காதோரம் கத்தியது. ஏகநாதன் கட்டைவிரலால் அதே எண்ணை மறுபடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். செல்போனில் ஒரு மணி, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மணி. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருந்தன.